ஆணை வந்தாச்சு, ஏட்டில் ஏறியதா? அரசு ஊழியர் கேள்வி–பதில்

தமிழ்நாடு அரசு ஊழியர்களிடமிருந்து இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதி ஈட்டிய விடுப்பு சரண்டர், அதாவது எடுக்காத விடுப்பு நாட்களை ஒப்படைத்துப் பணம் பெறுவது பற்றியவை. மீதியைப் படித்தால், சலுகை இல்லாமல் தவிப்பவர்களைவிட, சலுகை இருந்தும் பணிப் பதிவேட்டில் ஒரு வரி விடுபட்டதால் தவிப்பவர்களே அதிகம் எனத் தெரிகிறது. பதில்களும் அந்த வரிகளைச் சுற்றியே போகின்றன.

ஈட்டிய விடுப்பு சரண்டர் திரும்ப வந்துவிட்டது. என் கணக்கில் 212 நாள் இருக்கிறது. ஓய்வுக்கு இன்னும் 9 ஆண்டு. ஆண்டுதோறும் 15 நாள் சரண் செய்யலாமா, இல்லை கடைசியில் மொத்தமாக வாங்கிக்கொள்வது லாபமா? என் சக ஊழியர், 'தொடாதே, அப்படியே விடு' என்கிறார்.
– வருவாய்த் துறை வாசகர், திருவாரூர்

உங்கள் சக ஊழியரின் யோசனை அவருக்குச் சரியாக இருக்கலாம். உங்கள் கணக்குக்கு அது நஷ்டம்.

ஈட்டிய விடுப்பு ஜனவரி 1-ல் 15 நாள், ஜூலை 1-ல் 15 நாள் என ஆண்டுக்கு 30 நாள் கணக்கில் ஏறும். சேர்த்து வைக்க உச்சவரம்பு 240 நாள். ஓய்வு பெறும்போது காசாவதும் அதே 240 நாள்தான். நீங்கள் விடுப்பே எடுக்காவிட்டால், அடுத்த ஓராண்டிலேயே 240-ஐத் தொட்டுவிடுவீர்கள். அதற்குப் பிறகு ஏறுவதெல்லாம் நிரம்பிய குடத்தில் ஊற்றும் தண்ணீர்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். கையில் 212, வரும் 9 ஆண்டில் ஏறக்கூடியது 270. மொத்தம் 482. இதில் ஓய்வின்போது பணமாவது 240. மீதி 242 நாளை விடுப்பாக எடுக்க வேண்டும், அல்லது சரண் செய்ய வேண்டும். இரண்டும் இல்லையென்றால் போய்விடும். ஆண்டுக்கு 15 நாள் வீதம் சரண் செய்தால் 135 நாள் காசாகும். எஞ்சிய 107 நாளை ஆண்டுக்கு 12 நாள் வீதம் விடுப்பாக எடுத்துத் தீர்க்கலாம். பிள்ளையின் தேர்வு, வீட்டு விசேஷம், உடம்பு என்று 12 நாள் எப்படியும் தேவைப்படும்.

அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபாய் என வைத்துக்கொண்டால், 2025 ஜூலை முதலான 58 சதவீத அகவிலைப்படி 23,200. இரண்டும் சேர்த்து 63,200. பதினைந்து நாளுக்கு அதில் பாதி, 31,600 ரூபாய். இதை ஆண்டுதோறும் விட்டுக்கொடுக்க எந்தக் காரணமும் இல்லை.

நிலைமை தலைகீழாக இருப்பவர்களும் உண்டு. கணக்கில் 40 நாள், ஓய்வுக்கு 5 ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் எல்லாவற்றையும் சேர்த்தாலும் 190-தான் வரும். அவர் இப்போது சரண் செய்யாமல் இருப்பதே நல்லது. காரணம் இரண்டு. ஓய்வு நாளில் சம்பளமும் அகவிலைப்படியும் இன்றைவிடக் கூடுதலாக இருக்கும். அதே ஒரு நாள் விடுப்பு அப்போது அதிகம் பெறும். அடுத்து, பணியில் இருக்கும்போது வாங்கும் சரண்டர் தொகை வருமானத்தில் சேர்ந்து வரிக்கு உட்படும். மாநில அரசு ஊழியர் ஓய்வின்போது பெறும் விடுப்புப் பணத்துக்கு வருமான வரி முழுக்க விலக்கு.

சரண்டர் 2020 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 28 அன்று சட்டமன்றத்தில் அறிவித்து, 1.10.2025 முதல் 15 நாள் வரை என மீண்டும் கொடுத்திருக்கிறார்கள். இடைப்பட்ட ஆண்டுகளுக்கு நிலுவை கிடையாது. பணியில் சேர்ந்த காலாண்டை வைத்து முறை பிரித்திருப்பதால், பக்கத்து மேசைக்காரர் வாங்கிவிட்டாரே என்று பதற வேண்டாம். உங்கள் காலாண்டு எது என்று சம்பளப் பட்டியல் போடும் எழுத்தரிடம் கேளுங்கள்.

விண்ணப்பிக்கும் முன் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. பணிப் பதிவேட்டின் பின்பகுதியில் உள்ள விடுப்புக் கணக்கும், அரசு ஊழியரின் சம்பளமும் பணி விவரமும் பதிவாகும் களஞ்சியம் செயலியில் தெரியும் இருப்பும் ஒன்றாக இருக்கிறதா? கணினிக்கு மாற்றியபோது பழைய இருப்பைத் தவறாக ஏற்றிய அலுவலகங்கள் உண்டு. இருப்பு கூடுதலாகக் காட்டினால் சந்தோஷப்பட வேண்டாம். தணிக்கையில் அது பிடிபடும். ஓய்வு பெறும் மாதத்தில் பிடித்தமாக வந்து நிற்கும். சரண் செய்த 15 நாளைப் பட்டியல் போன அன்றே விடுப்புக் கணக்கில் கழித்து, அலுவலகத் தலைவரின் சுருக்கொப்பம் பெற்றுவிடுங்கள். முன் அரையாண்டில் சம்பளமில்லா விடுப்பு எடுத்திருந்தால், அதில் பத்தில் ஒரு பங்கு அடுத்த 15 நாளில் குறையும் என்பதையும் மறக்காதீர்கள்.

கோடை விடுமுறை உள்ள பள்ளி ஆசிரியர்களுக்கு ஈட்டிய விடுப்பு ஆண்டுக்கு 17 நாள்தான். மேலே உள்ள 30 நாள் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது.

தொகுதி 4 தேர்வு மூலம் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து மூன்றரை ஆண்டு ஆகிறது. தகுதிகாண் பருவம் முடித்து இன்னும் ஆணை வரவில்லை. கேட்டால் 'பைல் மேலே போயிருக்கு' என்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகி, பெரம்பலூர்

'மேலே' என்பது எந்த ஊர் என்று முதலில் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் கோப்பு மேலே போயிருக்காது. ஏதோ ஒரு தாளுக்காகக் கீழேயே படுத்திருக்கும்.

விதிப்படி, மூன்று ஆண்டு தொடர் காலத்துக்குள் இரண்டு ஆண்டு பணி முடித்திருக்க வேண்டும். பணி என்பதில் தற்செயல் விடுப்பு சேரும். மற்ற விடுப்புகள் சேராது. எனவே நீண்ட மருத்துவ விடுப்பு எடுத்திருந்தால் அத்தனை நாள் தள்ளிப்போகும். மகப்பேறு விடுப்பு எடுத்தவர்களுக்கு இருந்த இந்தச் சங்கடத்துக்கு 2025 ஏப்ரல் அறிவிப்பில் தீர்வு வந்தது: அந்தக் காலமும் தகுதிகாண் பருவத்துக்குக் கணக்கில் கொள்ளப்படும்.

ஆணை இரண்டு. முதலில் பணிவரன்முறை (நியமனத்தை முறைப்படுத்தும் ஆணை), அதன் பிறகே தகுதிகாண் பருவ நிறைவு. பணிவரன்முறை ஆணையே இல்லாமல் அடுத்ததைக் கேட்டு மனு கொடுத்தால் அது அப்படியே திரும்பும். பணிவரன்முறையைத் தடுப்பது வழக்கமாகக் கல்விச் சான்றுகளின் உண்மைத்தன்மைதான். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றுகள் அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கும், பட்டச் சான்று அந்தந்தப் பல்கலைக்கழகத்துக்கும் போய், 'உண்மையானது' என்று எழுதி வர வேண்டும். சில பல்கலைக்கழகங்கள் இதற்குக் கட்டணம் கேட்கும். கட்டணம் இணைக்காமல் அலுவலகம் அனுப்பினால் கடிதத்துக்குப் பதிலே வராது. ஆண்டுக்கணக்கில் கிடக்கும் வழக்குகளில் பலவற்றின் ரகசியம் இதுதான். காவல் துறையின் முன்நடத்தை அறிக்கையும் வந்திருக்க வேண்டும்.

ஆகவே 'என் தகுதிகாண் பருவம் என்னாயிற்று' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். எந்தச் சான்று, எந்தத் தேதியில், எந்த ந.க. எண்ணில் (அலுவலகக் கடித எண்) அனுப்பப்பட்டது, பதில் வந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுத்தில் மனு கொடுங்கள். எண் கிடைத்தால், அதைக் குறிப்பிட்டு அலுவலகத்திலிருந்து நினைவூட்டு அனுப்பச் சொல்லலாம். எண்ணே இல்லையென்றால் அனுப்பவே இல்லை என்று பொருள்.

கூடவே, உங்கள் பதவிக்குரிய துறைத் தேர்வுகளை முடித்துவிடுங்கள். தேர்வாணையம் ஆண்டுக்கு இருமுறை நடத்துகிறது. தேர்ச்சி பெற்றால் முடிவு வெளியான அறிக்கையின் விவரத்தோடு பணிப் பதிவேட்டில் பதியச் சொல்லுங்கள். பவானிசாகர் அடிப்படைப் பயிற்சிக்கு அழைப்பு வந்தால் குடும்பச் சூழல் சொல்லித் தள்ளிப்போடாதீர்கள். உதவியாளர் பதவி உயர்வுப் பட்டியல் தயாராகும்போது அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

தீபாவளிக்குப் பண்டிகை முன்பணம் வாங்கினேன். பொங்கலுக்கும் வாங்க முடியுமா?
– சத்துணவுப் பிரிவு ஊழியர், கரூர்

முடியாது. ஆண்டுக்கு ஒரு பண்டிகை. இப்போது தொகை 20,000 ரூபாய். முன்பு 10,000-மாக இருந்தது. வட்டி இல்லை, பத்துத் தவணையில் மாதம் 2,000 பிடிப்பார்கள். முந்தைய முன்பணம் முழுதும் தீராமல் அடுத்தது கிடைக்காது. நவம்பரில் பிடித்தம் தொடங்கினால் ஆகஸ்டில் முடியும். அடுத்த தீபாவளிக்குச் சரியாக இருக்கும். பொங்கலுக்குத்தான் வேண்டுமென்றால் ஒரு தீபாவளியை விட்டுக்கொடுத்துத்தான் மாற்ற வேண்டும்.

இரண்டாவது பிரசவத்துக்கு மகப்பேறு விடுப்பு எடுக்கப் போகிறேன். முதல் பிரசவத்தில் இரட்டைக் குழந்தைகள். எனக்கு விடுப்பு இல்லை என்று கண்காணிப்பாளர் சொல்கிறார். சரியா?
– வாசகி, நாமக்கல்

சரியில்லை. உயிருடன் உள்ள குழந்தைகள் இரண்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்ற பொது விதியை மட்டும் அவர் படித்திருக்கிறார். முதல் பிரசவத்தில் இரட்டைக் குழந்தைகள் என்றால், அடுத்த பிரசவத்துக்கும் விடுப்பு உண்டு என்று விதி தளர்த்தப்பட்டிருக்கிறது. விண்ணப்பத்தில் இரு குழந்தைகளின் பிறப்புச் சான்றையும் சேர்த்து, ஒரே பிரசவம் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். இரண்டு சான்றிலும் தேதியும் மருத்துவமனையும் ஒன்றாக இருக்கும். வேறு நிரூபணம் தேவைப்படாது.

விடுப்பு 1.7.2021 முதல் 12 மாதம், அதாவது 365 நாள், முழுச் சம்பளத்துடன். பிரசவத்துக்கு முன் எத்தனை நாள், பின் எத்தனை நாள் என்பது உங்கள் விருப்பம். இடையில் வரும் ஞாயிறும் பண்டிகை விடுமுறையும் 365-க்குள் அடங்கும். ஈட்டிய விடுப்புக் கணக்கிலிருந்து ஒரு நாளும் கழியாது. யாராவது கழித்திருந்தால் உடனே திருத்தச் சொல்லுங்கள்.

மறுமணம் செய்துகொண்டவர்கள் கேட்கும் கேள்வி இதை ஒட்டியது. முதல் திருமணத்தில் இரு குழந்தைகள், அவர்கள் தாயின் பொறுப்பில் இல்லை. மறுமணத்தில் ஒரு குழந்தை. இப்படிப்பட்ட தமிழக அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கில், மகப்பேறு விடுப்பு கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்தது. அதே நிலையில் இருப்பவர்கள் தீர்ப்பின் நகலை விண்ணப்பத்தோடு இணைக்கலாம்.

திருமணமாகி 6 ஆண்டு ஆகிறது. பணியில் சேர்ந்தபோது எல்லா நியமனப் படிவத்திலும் அம்மா பெயர் கொடுத்தேன். மாற்ற வேண்டுமா? சம்பளக் கணக்கில் ஒரு கோடி ரூபாய் காப்பீடு என்கிறார்களே, அது தானாக வந்துவிடுமா?
– பொதுப்பணித் துறை வாசகர், மதுரை

இரண்டுக்கும் சேர்த்தே சொல்லிவிடலாம், ஏனென்றால் இரண்டும் குடும்பத்துக்கு ஒரே நாளில் தேவைப்படும்.

நியமனம் ஒன்றல்ல, பல. வருங்கால வைப்பு நிதி அல்லது சி.பி.எஸ். (பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்), பணிக்கொடை, குடும்பப் பாதுகாப்பு நிதி, சிறப்பு சேமநல நிதி என ஒவ்வொன்றுக்கும் தனிப் படிவம். ஒன்றில் மாற்றினால் மற்றதில் மாறாது. திருமணத்துக்கு முன் அம்மா பெயரில் எழுதியது, மனைவி வந்த பிறகும் அப்படியே கிடந்தால், பணம் யாருக்கு என்ற வழக்கு வீட்டுக்குள்ளேயே கிளம்பும். அலுவலகமும் 'நீதிமன்ற ஆணை கொண்டு வாருங்கள்' என்று கையை விரிக்கும். குடும்பப் பாதுகாப்பு நிதிக்கு மாதம் 110 ரூபாய் பிடிக்கிறார்கள். பணியில் இருக்கும்போது இறந்தால் 5 லட்சம் ரூபாய். அந்த 5 லட்சம் இரண்டு ஆண்டு முடங்க ஒரு பழைய படிவம் போதும்.

அம்மாவுக்கும் கொடுக்க விரும்பினால், விதி அனுமதிக்கும் இனத்தில் பங்கு பிரித்து எழுதலாம். எழுதியதை இரு பிரதிகளில் கொடுங்கள். ஒன்றில் அலுவலகத் தலைவர் கையொப்பமும் தேதியும் முத்திரையும் வாங்கி வீட்டில் வையுங்கள். மற்றது பணிப் பதிவேட்டில் ஒட்டப்பட்டு, 'நியமனம் பெறப்பட்டது' என்ற பதிவு விழ வேண்டும். மேசை இழுப்பறையில் கிடக்கும் படிவம், கொடுக்காத படிவத்துக்குச் சமம்.

அடுத்தது வங்கி. 2025 மே மாதம் தமிழ்நாடு அரசு ஏழு வங்கிகளுடன் ஒப்பந்தம் செய்தது: பாரத ஸ்டேட் வங்கி, இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, கனரா வங்கி, பேங்க் ஆப் பரோடா, யூனியன் பேங்க், ஆக்சிஸ் வங்கி. இவற்றில் அரசு ஊழியர் சம்பளக் கணக்கு வைத்திருப்பவர் விபத்தில் இறந்தாலோ, நிரந்தர முழு ஊனமடைந்தாலோ ஒரு கோடி ரூபாய். இயற்கை மரணத்துக்கு 10 லட்சம் ஆயுள் காப்பீடு. விபத்தில் இறந்தவரின் மகள்களின் திருமணத்துக்கு ஒருவருக்கு 5 லட்சம் வீதம் 10 லட்சம் வரையும், உயர்கல்விக்கு 10 லட்சம் வரையும் உதவி. ஊழியர் கட்ட வேண்டிய பிரீமியம் எதுவும் இல்லை.

'தானாக வருமா' என்ற கேள்வியில்தான் சிக்கல். உங்கள் சம்பளம் அந்த வங்கியில் விழுகிறது என்பதாலேயே அது சம்பளக் கணக்கு ஆகிவிடாது. இருபது ஆண்டுக்கு முன் திறந்த சாதாரண சேமிப்புக் கணக்கிலேயே பலருக்குச் சம்பளம் வருகிறது. வங்கிக் கிளைக்கு அடையாள அட்டை, சமீபத்திய சம்பளச் சீட்டு எடுத்துப் போய், மாநில அரசு ஊழியர் சம்பளத் தொகுப்புக்கு மாற்றித் தரும்படி படிவம் எழுதிக் கொடுங்கள். கணக்கு எண் மாறாது; வகை மட்டும் மாறும். மாறியதை எழுத்திலோ, குறுஞ்செய்தியிலோ உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். 'செஞ்சிட்டோம் சார்' என்ற வாய்ச்சொல் போதாது.

கூட்டுறவு வங்கி போன்ற வேறு வங்கியில் சம்பளம் வாங்குபவர், ஏழில் ஒன்றுக்கு மாற விரும்பினால், புதுக் கணக்கு விவரத்தைப் பணம் பெற்று வழங்கும் அலுவலர் வழியாகக் களஞ்சியத்தில் மாற்ற வேண்டும். முதல் சம்பளம் புதுக் கணக்கில் விழும் வரை பழையதை மூடாதீர்கள். பழைய கணக்கிலிருந்து கடன் தவணை போகிறதென்றால், அதற்கான பணத்தை முன்கூட்டியே அங்கே விட்டுவையுங்கள்.

ஆக முக்கியமானது, இந்தக் காப்பீடு இருப்பது வீட்டில் ஒருவருக்காவது தெரிய வேண்டும். கோரிக்கை வைக்க ஒவ்வொரு வங்கிக்கும் காலக்கெடு உண்டு. முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று, பணிச் சான்று எல்லாம் கேட்பார்கள். விபத்தில் இறந்தவருக்குப் பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து உடலை வாங்கிவிடும் குடும்பங்கள், அந்த ஒரு கையெழுத்தால் கோரிக்கையைப் பலவீனப்படுத்திக்கொள்கின்றன.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு நான்கு மாதம் ஓய்வு என்கிறார் மருத்துவர். பணியில் சேர்ந்து 8 ஆண்டு. ஈட்டிய விடுப்பைத் தொடாமல் சமாளிக்க முடியுமா?
– வாசகர், தென்காசி

முடியும். மருத்துவச் சான்றின் பேரில் ஈட்டா விடுப்பு இதற்காகத்தான். பணிக்காலம் 5 ஆண்டு வரை 90 நாள், 10 ஆண்டு வரை 180, 15 ஆண்டு வரை 270, 20 ஆண்டு வரை 360, அதற்கு மேல் 540. இவை ஆண்டுக்கு இத்தனை என்பதல்ல. பணி தொடங்கிய நாளிலிருந்து மொத்தமாக இத்தனை. உங்களுக்கு 180, முன்பு எடுத்தது போக மீதி 120 இருந்தால் போதும்.

சான்று முதல் நாளிலேயே அலுவலகத்துக்குப் போக வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வையுங்கள். இரண்டு மாதம் கழித்து, முன்தேதியிட்ட சான்றோடு வருபவர்களைத்தான் மருத்துவக் குழுமத்துக்கு அனுப்பத் தோன்றும். நீண்ட விடுப்பு என்பதால் உங்களையும் அனுப்பலாம். அறுவை சிகிச்சை விவரமும் வெளியேற்றச் சுருக்கமும் கையில் இருந்தால் பயமில்லை. திரும்பச் சேரும் நாளில் உடல்தகுதிச் சான்று கட்டாயம். அது இல்லாமல் கையெழுத்துப் போட விடமாட்டார்கள்; அந்த இடைவெளி நாட்கள் பிறகு தலைவலியாகும்.

நெஞ்சுவலியோடு நள்ளிரவில் பக்கத்தில் இருந்த மருத்துவமனைக்குத்தான் கணவரைக் கொண்டுபோக முடிந்தது. அது காப்பீட்டுப் பட்டியலில் இல்லை. 2,80,000 ரூபாய் கட்டினோம். பணம் திரும்பக் கிடைக்குமா?
– ஆசிரியை, கிருஷ்ணகிரி

கேட்டால் கிடைக்க வழி உண்டு. பட்டியலில் இல்லை என்று யாராவது சொன்னதும் விட்டுவிடுவதுதான் தவறு. சிகிச்சை உண்மையில் நடந்ததா என்பதே பார்க்க வேண்டியது, மருத்துவமனையின் பெயர் பட்டியலில் இல்லை என்பதை மட்டும் காரணமாக்கி மறுக்கக் கூடாது என 2018-ல் சிவகாந்த் ஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சென்னை உயர் நீதிமன்றமும் இதே வழியில் பல தீர்ப்புகள் தந்திருக்கிறது.

புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இத்தகைய கோரிக்கையை மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு பரிசீலிக்கும். அலுவலகத் தலைவர் வழியாக விண்ணப்பியுங்கள். மூல ரசீதுகள், வெளியேற்றச் சுருக்கம், மருத்துவரின் அவசியச் சான்று, காப்பீட்டு அட்டை நகல், அந்த மாதம் சந்தா பிடித்ததைக் காட்டும் சம்பளச் சீட்டு ஆகியவை வேண்டும். மருத்துவரிடம் 'அவசர நிலையில் அனுமதிக்கப்பட்டார்' என்ற வாசகத்தையும், அனுமதித்த நேரத்தையும் எழுதி வாங்குங்கள். கோரிக்கையின் உயிர் அந்த வாசகத்தில் இருக்கிறது. மூலங்களைக் கொடுக்கும் முன் முழுசாக ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டியது முழுதும் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அந்தச் சிகிச்சைக்குத் திட்டத்தில் வகுத்த தொகை அளவுக்கே அனுமதிப்பார்கள். எழுத்தில் மறுத்தால், அந்த மறுப்பாணையை வைத்துத்தான் மேலே போக முடியும். எனவே வாய்மொழி மறுப்பை ஏற்காதீர்கள்.

பெற்றோரைச் சேர்க்கலாமா என்று கேட்டவர்களுக்கு: திருமணமாகாத ஊழியர் சேர்க்கலாம். திருமணமானபின் கணவன் அல்லது மனைவியும் பிள்ளைகளும்தான் குடும்பம். பிள்ளைக்கு 25 வயதோ, வேலையோ, திருமணமோ எது முதலில் வருகிறதோ அதுவரை.

ஜூன் 30-ல் ஓய்வு பெறுகிறேன். ஆண்டு ஊதிய உயர்வு ஜூலை 1. ஒரு நாளில் போச்சா?
– பழைய ஓய்வூதியத் திட்ட வாசகர், கடலூர்

போகவில்லை. 31.12.2014 தேதியிட்ட நிதித் துறை அரசாணை 311, ஓய்வுக்கு மறுநாள் ஊதிய உயர்வு விழுபவருக்கு அதைக் கருத்தியலாகக் கொடுத்து ஓய்வூதியம் கணக்கிடச் சொல்கிறது. மார்ச் 31, செப்டம்பர் 30, டிசம்பர் 31-ல் ஓய்வு பெறுபவர்களுக்கும் இதேதான். அடிப்படைச் சம்பளம் 60,000 என்றால் 3 சதவீதம் சேர்ந்து 61,800. முழு ஓய்வூதியம் 30,000-க்குப் பதில் 30,900. கையில் சம்பளமாக எதுவும் வராது. இதற்கென்று தனி ஆணை போட்டுப் பணிப் பதிவேட்டில் பதிந்த பிறகே ஓய்வூதியக் கருத்துரு மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். பதியாமல் அனுப்பினால், திருத்திய ஓய்வூதியத்துக்கு மறுபடியும் முதலிலிருந்து நடக்க வேண்டும்.

இன்னொன்று: வருங்கால வைப்பு நிதிச் சந்தாவை ஓய்வுக்கு நான்கு மாதத்துக்கு முன் நிறுத்த வேண்டும். உங்கள் பட்டியலில் நின்றுவிட்டதா என்று பாருங்கள்.

என் பணிப் பதிவேட்டை நான் பார்த்ததே இல்லை. கேட்டால் 'எதுக்கு, யார் மேலயாவது சந்தேகமா' என்கிறார்கள்.
– சுகாதாரத் துறை செவிலியர், தூத்துக்குடி

சந்தேகம் இருக்கத்தான் வேண்டும். பதிவேட்டை ஆண்டுக்கு ஒருமுறை ஊழியரிடம் காட்டிக் கையொப்பம் வாங்குவது அலுவலகத்தின் கடமை. நீங்கள் கேட்பது சலுகையல்ல. ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். அப்போதும் தரவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு உங்கள் பதிவேட்டின் நகலையே கேட்கலாம். சொந்த ஆவணம் என்பதால் 'மூன்றாம் நபர் தகவல்' என்று மறுக்க முடியாது.

கையில் கிடைத்ததும் எங்கே பார்ப்பது? முதல் பக்கத்தில் பெயரின் எழுத்தும் முன்னெழுத்தும் ஆதாரிலும் வங்கியிலும் உள்ளதுபோல் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒவ்வோர் ஆண்டும் 'பணி சரிபார்க்கப்பட்டது' என்ற பதிவு, சம்பளப் பட்டியலைக் குறிப்பிட்டு, இடைவெளி இல்லாமல் தொடர்கிறதா? இடமாறுதலின்போதுதான் இது அறுபடும். பழைய அலுவலகம் மார்ச் வரை சரிபார்த்திருக்கும். நீங்கள் ஆகஸ்டில் மாறியிருப்பீர்கள். அந்த ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். இருபது ஆண்டு கழித்து, பழைய சம்பளப் பட்டியல் கரையான் அரித்த பிறகு, கணக்காயர் அலுவலகம் அந்த ஐந்து மாதத்தைக் கேட்கும். இப்போதே பழைய அலுவலகத்துக்குக் கடிதம் போட்டு வாங்குவது எளிது.

இடமாறுதல் அடிக்கடி வரும் துறைகளில் சி.பி.எஸ். பிடித்தமும் இதேபோல் விடுபடும். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்ததில் 10 சதவீதம் பிடித்திருப்பார்கள். ஆனால் ஆண்டுக் கணக்குத்தாளில் இரண்டு மாதம் காணாமல் போயிருக்கும். மாதாந்திரச் சம்பளச் சீட்டுகளை ஆண்டுவாரியாகச் சேமித்து, கணக்குத்தாள் வந்ததும் பன்னிரண்டு மாதமும் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். இல்லாத மாதத்துக்குப் பட்டியல் எண், தேதி, தொகையோடு எழுதினால்தான் சேர்ப்பார்கள். ஓய்வூதியத் திட்டம் எப்படி மாறினாலும் காணாமல் போன பிடித்தத்தைத் தேட வேண்டியவர் நீங்கள்தான்.

கணவர் பணியில் இருக்கும்போது இறந்து ஒன்றரை ஆண்டு. மகளுக்கு 12 வயது. அவள் 18 ஆனதும் கருணை வேலை கேட்கலாம் என்று உறவினர்கள் சொல்கிறார்கள்.
– வாசகி, விழுப்புரம்

அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள் அம்மா. இறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மகள் 18 ஆகும்போது அந்தக் காலம் என்றோ முடிந்திருக்கும். உங்களுக்கு இன்னும் ஒன்றரை ஆண்டு இருக்கிறது. நீங்களே விண்ணப்பியுங்கள். உங்கள் கல்வித் தகுதிக்கு ஏற்ற பதவியைப் பார்ப்பார்கள். இறப்புச் சான்று, வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்று, குடும்பத்தின் வறிய நிலைச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், கல்விச் சான்றுகள் வேண்டும். மாமியார் வாரிசுச் சான்றில் இருந்தால் அவர் சம்மதமும் தேவை. கணவர் கடைசியாக வேலை பார்த்த அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குத் தேதியிட்ட ஒப்புகை வாங்குங்கள். காலியிடம் வர ஆண்டுகள் ஆகலாம். விண்ணப்பம் கெடுவுக்குள் கொடுத்ததற்கு அந்த ஒப்புகைதான் சாட்சி.

வாடகைக்கு இருக்கிறேன். வீட்டு வாடகைப்படிக்கு வரி விலக்குக் காட்டியும் சம்பளத்தில் வரி பிடிக்கிறார்களே?
– வாசகர், சேலம்

நீங்கள் புதிய வரி முறையில் இருக்கிறீர்கள். ஊழியர் எதையும் தேர்வு செய்யாவிட்டால் களஞ்சியம் அதில்தான் கணக்கிடும். அங்கே வாடகை, வீட்டுக் கடன் வட்டி, சேமிப்பு எதற்கும் கழிவு இல்லை. நிலைக்கழிவு 75,000 மட்டும். 2025–26 நிதியாண்டில் நிலைக்கழிவு போக 12 லட்சம் வரை வரியே வராது. உங்கள் மொத்தச் சம்பளம் 12,75,000-க்குள் என்றால் வாடகை ரசீதே தேவையில்லை. அதற்கு மேல் என்றால் இரு முறையிலும் போட்டுப் பார்த்து, பழையதுதான் லாபம் என்றால் ஏப்ரலிலேயே தேர்வு செய்யுங்கள். பிப்ரவரியில் விழித்தால் கணக்குத் தாக்கல் செய்துதான் திரும்பப் பெற முடியும்.

பணிப் பதிவேட்டில் பிறந்த தேதி ஓராண்டு முன்னதாக இருக்கிறது. 14 ஆண்டு பணி முடித்துவிட்டேன். பிறப்புச் சான்று இருக்கிறது. மாற்றலாமா?
– வாசகர், சிவகங்கை

பணியில் சேர்ந்த ஐந்து ஆண்டுக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும். சான்று எவ்வளவு சரியாக இருந்தாலும், இப்போது கொடுக்கும் மனுவைத் துறை ஏற்காது. ஐந்து ஆண்டு முடியாத இளையவர்கள் யாராவது உங்கள் அலுவலகத்தில் இதே நிலையில் இருந்தால், அவர்களிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.